நாஸில் நிற்கும் மூலை

என் செல்லத் தம்பி ஹபீபுக்கு,

சலாம். நலமா என்று எழுதப் போய்ப் பாதியில் நிறுத்திவிட்டேன். பழக்கதோஷம். வேறு எப்படி ஆரம்பிப்பது என்றும் தெரியவில்லை.

இங்கே அதே மேட்டுப்பாளையம் ஷெட்தான். கான்கிரீட்டை முறுக்கு மாவு போல வரிவரியாகப் பிழிந்து சுவர் எழுப்பும் அதே மெஷின், கம்ப்யூட்டர் முன்னால் அதே நான். நீ நின்ற இடத்தில் மட்டும் ஆள் இல்லை. கான்கிரீட் விழும் நாஸிலோடு ஒரு சின்ன உருளையை மாட்டியிருக்கிறார்கள். அதுவே வரிக்குள் மெல்லிய இரும்புக் கயிற்றை விட்டுக்கொண்டு போகிறது. நீ பார்த்திருந்தால், "எனக்கே வேட்டு வெச்சிட்டியேண்ணே" என்று சிரித்திருப்பாய்.

நீ மூலையில் கம்பி குத்துவதற்காக நாஸில் அங்கே கொஞ்சம் நிற்கும்படி புரோகிராமில் போட்டு வைத்திருந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? குத்தி முடித்து நீ "போலாம்ணே" என்று சொல்லவும் அது நகரவும் சரியாக இருக்கும். அந்த லாரி உன்னைப் பறித்துக்கொண்ட பிறகும் நான் அந்த நிறுத்தத்தை எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லி யாரும் கேட்கவுமில்லை.

ஒவ்வொரு சுற்றிலும் அந்த மூலைக்கு வந்ததும் மெஷின் நின்றது. ஷெட்டில் பேச்சும் நின்றது. கலவை போடும் முருகன், "பாய் வந்துட்டாரு" என்று முணுமுணுப்பான். சத்தியமாகச் சொல்கிறேன், சில நாள் உன் குரல் கேட்ட பிறகுதான் அது நகர்கிறது என்று நம்பினேன். கேட்டதா, இல்லையா? இப்போதும் அடித்துச் சொல்ல முடியவில்லை.

இதை நான் வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து சாயங்காலம் மக்ரிப் தொழுது முடித்ததும் அம்மாவுக்கு ஒரே கேள்விதான். "இன்னிக்கும் நின்னுச்சாடா?" நின்னுச்சும்மா என்று நான் சொன்னால்தான் சோற்றில் கை வைப்பாள்.

போன வாரம், சாரம் பகுதியில் வரப்போகும் பால்வாடிக்காக ஒரு சோதனைச் சுவர் எழுப்பினோம். அறுத்துப் பார்த்தபோது மற்ற இடமெல்லாம் உறுதியாக இருந்தது. உன் மூலை மட்டும் ஊறின பிஸ்கட் மாதிரி கையோடு வந்தது. நாஸில் ஷெட் வெக்கையில் சும்மா நிற்கும்போது முனையில் இருக்கும் கலவை இறுகிப்போகிறது. கிளம்பும்போது அது திட்டாக விழுகிறது, கீழ்வரியைப் பிடிப்பதில்லை. முன்பு அங்கே உன் கம்பி எல்லா வரியையும் கோத்துப் பிடித்திருந்தது. இந்தக் கயிறு அந்தந்த வரிக்குள் படுத்துக் கிடக்கிறதே தவிர, ஒன்றோடு ஒன்றைச் சேர்ப்பதில்லை.

புதிதாக வந்திருக்கும் இன்ஜினியர் பெண் வெள்ளந்தியாகக் கேட்டாள். "இந்த எடத்துல எதுக்கு சார் நிக்குது?" முருகன் தலையைக் குனிந்துகொண்டான். என் தம்பிக்காக என்று நான் எப்படிச் சொல்வேன்?

இன்று காலை அந்த நிறுத்தத்தை அழித்தேன். மெஷின் உன் மூலையில் நிற்காமல் வளைந்து போனது, அங்கே ஒருபோதும் யாரும் இருந்ததில்லை என்பது போல. முருகன் எழுந்து வெளியே போய்விட்டான். நான் உட்கார்ந்த இடத்திலேயே அழுதேன் ஹபீப். உன்னை இரண்டாம் முறை அடக்கம் செய்தது போலிருந்தது.

வீட்டுக்கு வந்தால் அம்மா வழக்கம்போலக் கேட்டாள். பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது.

"இல்லம்மா. நாந்தான் எடுத்துட்டேன். புள்ளைங்க ஒக்காரப் போற எடம். செவுரு கெட்டியா இருக்கணும்."

அம்மா தலையாட்டினாள். "நல்லதுதான் செஞ்சே" என்றாள். ஆனால் தட்டு அப்படியே இருந்தது. என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"அப்ப அவன் இனிமே எங்கடா நிப்பான்?"

உனக்கு ஒரு வாக்கு தருகிறேன். இனி தினமும் வேலை விட்டு வரும்போது முத்தியால்பேட்டையில் நம் வீட்டுக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு கொஞ்சம் நிற்பேன். நீ முதலில் உள்ளே போ. அம்மா சாப்பிடாமல் காத்திருக்கிறாள்.

உனக்குப் பின்னால் நிற்கும்,
உன் அண்ணன் யூசுப்