ஏரிக்கரையில் நீ தூக்கிய கை

இன்று சாயந்தரம் எங்கள் தெரு வழியாக ஒரு மாப்பிள்ளை ஊர்வலம் போயிற்று. பாண்டு வாத்தியம் தெருமுனையில் கேட்டதுமே என் மனைவி எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். அவளுக்கு இது பழக்கம். ஆனால் வெடிமருந்து வாசனை யாரைக் கேட்டுக்கொண்டு உள்ளே வருகிறது? கதவிடுக்கில் நுழைந்துவிட்டது. குடித்துக்கொண்டிருந்த காபியில்கூட அதுதான் மணந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். உன் காரியம் முடிந்த நாளிலிருந்து உனக்கு எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எழுதாமல் இருக்கத் தினம் ஒரு சாக்கு கிடைத்துக்கொண்டிருந்தது. இன்றைக்கு ஒன்றும் அகப்படவில்லை.

உன்னை நினைத்தால் முகம் அப்புறம்தான் வருகிறது. முதலில் வருவது உன் வலது கை. மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டரின் கை. எவ்வளவு சோப்புப் போட்டாலும் டிஞ்சர் வாசனை போகாத கை. தை பிறந்தால் பங்குனி முடியும்வரை, ஞாயிற்றுக்கிழமைதோறும் நம் சங்கத்தார் அந்தக் கைக்குப் பின்னால்தான் நடந்தோம். சங்கம் என்று இப்போது யாரிடமாவது சொன்னால் கட்டடம், பெயர்ப்பலகை என்று ஏதேதோ நினைத்துக்கொள்கிறார்கள். அறுபதுகளின் காஞ்சிபுரத்தில், கொக்கைப் பார்ப்பதற்கென்று முதல் வண்டி பிடித்து வாலாஜாபாத்தில் இறங்கிய சில பைத்தியங்கள். வேறென்ன சொல்ல? நீ, நான், ஒரு டிராயிங் மாஸ்டர், அவர் பள்ளியிலிருந்து கூட்டிவரும் பிள்ளைகள். எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு பைனாகுலர், மூர் மார்க்கெட்டில் நீ பேரம் பேசி வாங்கியது. அதிலும் ஒரு பக்கத்துக் கண்ணாடியில் பூஞ்சை பிடித்திருந்தது. பிள்ளைகள் முனகினால், “ஒரு கண்ணு போதும்பா. கொக்கு இன்னா பறந்தா பூடும்?” என்பாய். பறந்துதான் போகும். அப்போது நீயும் சேர்ந்து சிரிப்பாய்.

எனக்கும் பறவைக்கும் என்ன சம்பந்தம்? அப்பாவின் பட்டுநூல் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருந்தவன் நான். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்த பாவத்துக்கு நீ என்னையும் இழுத்துக்கொண்டு போனாய்.

வயல் வரப்பில் நடக்கும்போது பேச்சும் கேலியுமாக இருக்கும். ஏரிக்கரை ஏறியதும் நீ முன்னால் போய்விடுவாய். கூடு இருக்கும் இடம் நெருங்கினால், திரும்பிப் பார்க்காமல் வலது கையைத் தலைக்கு மேல் தூக்குவாய். அவ்வளவுதான். பின்னால் வரும் வரிசை நின்ற இடத்தில் நிற்க வேண்டும். “கை தூக்கினா கால் நிக்கணும். ஏன்னு அப்புறம் கேளு.” நம் சங்கத்துக்கு இருந்த ஒரே சட்டம் அது. டிராயிங் மாஸ்டர் ஒருமுறை நெருஞ்சி முள்ளின்மேல் கால் வைத்தபடியே நின்றார். நீ கையை இறக்கிய பிறகுதான் அவர் “ஐயோ” என்றார்.

அந்த ஏரியை நான் உனக்கு விவரிக்க வேண்டியதில்லை. ஆனாலும் எழுதிப் பார்க்கிறேன். தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்கள். மாசியில் அவற்றில் இலையே கண்ணுக்குத் தெரியாது. நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம், வக்கா என்று கிளைக்குக் கிளை கூடு. குஞ்சுகள் இரைக்குக் கத்துவது வாலாஜாபாத் சந்தையைத் தோற்கடிக்கும். பறவை எச்சம் கலந்த அந்தத் தண்ணீர் பாய்ந்தால் பயிர் கறுத்து வரும் என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அதனால் பறவைகளை அவர்கள் விரட்டியதில்லை. பிரச்சினை தீபாவளிதான். ஐப்பசியில் பறவைகள் வந்து இறங்கி இடம் பார்க்கும் சமயத்தில் வெடிச் சத்தம் கேட்டால், அந்த வருஷம் வேறு ஏரி தேடிப் போய்விடும்.

நீ வீடு வீடாகப் போய்க் கேட்டாய். அவர்கள் வீட்டுப் பசுக்கள் கன்று ஈன முடியாமல் தவித்தபோதெல்லாம் சைக்கிளில் வந்து நின்றவன் நீ. உன் பேச்சுக்கு அங்கே மரியாதை இருந்தது. “கம்பவுண்டரு கேக்குறாரு. பசங்களா, இந்த வருசம் மத்தாப்போட நிறுத்திக்குங்கப்பா” என்றார் ஊர்ப் பெரியவர். நிறுத்திக்கொண்டார்கள். அடுத்த வருஷமும், அதற்கடுத்த வருஷமும். பதிலுக்கு நீ ஒன்று செய்தாய். யூனியன் ஆபீசில் படப்பெட்டியை இரவல் வாங்கி, சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போய், தீபாவளி சாயந்தரம் பள்ளிக்கூடச் சுவரில் பறவைப் படம் காட்டினாய். உன் வீட்டுத் தீபாவளி என்ன ஆயிற்று என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

அந்த ஊர்ப் பெரியவரின் மகளைத்தான் நான் கட்டிக்கொண்டேன். அதற்கும் நீதான் காரணம். நடை முடிந்தால் அவர் வீட்டில் நமக்கு நீர்மோர். “இன்னாடா, நாரைய வுட்டுட்டு வேற எங்கியோ பாத்துக்கினு கீற?” என்று கேட்டுவிட்டு, என் அப்பாவிடம் நீயே போய்ப் பேசினாய். விசாரித்ததில் தூரத்து உறவும் தட்டுப்பட்டது. “நம்ம ஆளுங்கதான்” என்று அப்பா சம்மதித்துவிட்டார். மாசி மாசத்தில், பெண் வீட்டில், அந்த ஏரிக்கரை ஊரில் கல்யாணம்.

கல்யாணத்துக்குச் சில நாள் முன்பு நீ கடைக்கு வந்தாய். உட்காரக்கூட இல்லை.

“ஒண்ணே ஒண்ணுடா. மாப்பிள்ளை அழைப்புக்கு வேட்டு வேணாம்னு உங்க அப்பாகிட்ட சொல்லிடு. குஞ்சுங்களுக்கு இன்னும் றெக்கை வரல. பொண்ணு வீட்டுக்காரங்க வாயத் தொறக்க மாட்டாங்க. சம்பந்திகிட்ட எப்பிடிச் சொல்லுவாங்க? நீ சொன்னாத்தான் உண்டு.”

“சொல்றேன்டா, போ” என்றேன்.

மாப்பிள்ளை அழைப்பு அன்று பிள்ளையார் கோயிலிலிருந்து ஊர்வலம் கிளம்பியது. திறந்த கார். முன்னால் நாயனம், இரண்டு பக்கமும் காஸ் லைட். பெண் வீட்டுக்குப் போகும் வழியே ஏரிக்கரைதான். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நாரைகள் இரையோடு கூட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. வேடிக்கை பார்க்கும் கூட்டத்தில் நீயும் நின்றாய். வேட்டுக்காரர் இரும்புக் குழாய்களைக் கரையில் வரிசையாக நட்டு மருந்து கிட்டித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். நீ கத்தவில்லை, ஓடி வரவில்லை. வலது கையைத் தலைக்கு மேல் தூக்கினாய்.

நான் பார்த்தேன். டிரைவரின் தோளைத் தொட்டு “நிறுத்துப்பா” என்றால் போதும். அன்றைக்கு மாப்பிள்ளை சொன்னால் யார் மறுக்கப் போகிறார்கள்? நான் தலையைக் குனிந்து, கோணலாகவே இல்லாத மாலையைச் சரிசெய்துகொண்டேன்.

முதல் வேட்டு வெடித்தது. மரங்களிலிருந்து மொத்தப் பறவைகளும் எழுந்து நம் தலைக்கு மேல் சுற்றின. நாயனத்தையும் மீறி அந்த இறக்கைச் சத்தம் கேட்டது. எங்கள் பக்கத்துக்காரர்கள் கை தட்டினார்கள். ஊர்க்காரர்கள் தட்டவில்லை. அடுத்த வேட்டு, அதற்கடுத்தது. இருட்டில் பறவைகள் எங்கே போயின என்று தெரியவில்லை. விடிந்தபோது திரும்பி வந்தது கொஞ்சம்தான். அதற்குள் காக்கைகள் கூடுகளில் இருந்தன.

காலையில் முகூர்த்தத்துக்கு நீ வந்தாய். வேட்டி முழங்கால்வரை நனைந்து சேறாக இருந்தது. மிரண்டு தண்ணீரில் விழுந்த குஞ்சுகளை எடுத்து மறுபடியும் கூட்டில் வைத்துக்கொண்டிருந்தாய் என்று டிராயிங் மாஸ்டர் பிறகு சொன்னார். உன் சட்டைக் காலரில் பஞ்சு போன்ற சின்ன இறகு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. வாசல் தொட்டியில் கை கழுவிவிட்டு வந்து எங்கள்மேல் அட்சதை போட்டாய். “நல்லா இருடா” என்றாய். அந்த இறகைத் தட்டிவிடக்கூட எனக்குக் கை வரவில்லை.

அந்த வருஷம் ஐப்பசியில் எனக்குத் தலை தீபாவளி. மாமனார் வீட்டு வாசலில் புது வேட்டியோடு நின்று அதிரசம் தின்றுகொண்டிருந்தேன். தெருவெல்லாம் பிள்ளைகள் சரவெடி வைத்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் நீ படப்பெட்டியோடு வந்தாய். சத்தம் தூரத்திலேயே கேட்டிருக்கும். ஆனாலும் வந்தாய். பக்கத்து வீட்டுக்காரர் உன் சைக்கிளை மறித்தார்.

“இன்னா கம்பவுண்டரே, மாப்பிள்ளைக்கு ஒரு ஞாயம், எங்க புள்ளைங்களுக்கு ஒரு ஞாயமா? அன்னிக்கு அத்தினி வேட்டு போட்டாங்களே, அப்ப உங்க பறவைங்களுக்குக் காது கேக்கலியா?”

நீ அவருடைய தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தாய். என் கையில் பாதி அதிரசம். மாமனார் என் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

“அந்த வேட்டுக்கு நான்தாம்பா சரின்னேன். கல்யாண வூடாச்சேன்னு சொல்லிட்டேன். தப்பு என் மேலதான்.”

மாமனார் ஊரில் மாப்பிள்ளையின் முகம் சுருங்கக் கூடாது என்று நீ சொன்ன பொய் அது. நான் அதை மறுக்கவில்லை. மென்றுகொண்டிருந்ததை விழுங்கினேன். நீ சைக்கிளைத் திருப்பினாய். பெட்டியை அவிழ்க்கவே இல்லை. அதன்பிறகும் அந்த ஊரார் மாட்டுக்கு உன்னைக் கூப்பிட்டார்கள். ஆனால் நீ சொல்வதைக் கேட்பது நின்றுபோயிற்று.

அடுத்த மாசியில் கருவேல மரங்களில் பழைய கூடுகள்தான் இருந்தன. சுள்ளி சுள்ளியாக உதிர்ந்துகொண்டிருந்தன. பிள்ளைகள், “நாரை எங்க சார்?” என்று கேட்டார்கள். நீ நடையைப் பாலாற்றுக்கு மாற்றினாய். “இருக்கிறதப் பாப்பம்பா” என்று மணலில் பஞ்சுருட்டானையும் ஆள்காட்டிக் குருவியையும் காட்டினாய். நானும் வந்தேன். நீ கையைத் தூக்கினால் எல்லோருக்கும் முந்தி நான் நின்றேன். அதை நீ கவனித்தாயோ இல்லையோ, நான் உன் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

ஒருமுறை, ஆற்று மணலில் மற்றவர்கள் முன்னால் போயிருந்தபோது, “அந்த வேட்டு விஷயம்…” என்று ஆரம்பித்தேன். நீ முடிக்கவிடவில்லை.

“உங்க அப்பா கோவக்காரரு. அவருகிட்ட நீ இன்னா பேசுவ? வுடு, அத்தப் போயி மனசுல வச்சிக்கினு.”

நானும் விட்டுவிட்டேன். அப்பா இறந்தார். அப்போதும் சொல்லவில்லை. நீ படுக்கையில் கிடந்தாய். பார்க்க வந்தவன் ஆப்பிளை நறுக்கிக் கொடுத்துவிட்டு, வெயிலைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினேன். இப்போது சொல்கிறேன். கேட்க ஆளில்லாதபோது சொல்வது கோழைத்தனம்தான். தெரிந்தேதான் சொல்கிறேன்.

அப்பா கோபக்காரர்தான். ஆனால் அன்று அவர் கோபப்படவே இல்லை. நீ கடைக்கு வந்துபோன அன்றே அவராகவே கேட்டார். “வேட்டுக்காரனுக்குச் சொல்லி அனுப்பணும். உன் சிநேகிதன் அந்த ஊருல வெடி கூடாதும்பானே, வேணுமா வேணாமா, நீயே சொல்லு.” வேண்டாம் என்று ஒரு வார்த்தை. நான் சொன்னது வேறு. “ஒருநாள் கூத்துதானேப்பா. வேட்டு இல்லாம போனா நல்லாவா இருக்கும்?” என்றேன். அதோடு விட்டால்கூடப் பரவாயில்லை. முதல் வேட்டு வெடித்து ஏரி முழுவதும் தலைக்கு மேல் சுற்றியதே, அந்த நொடி எனக்குப் பெருமையாக இருந்தது. என் கல்யாணத்துக்காக வானமே எழுந்தது போல் இருந்தது. பறவைகளைப் பார்த்தவர்கள் எல்லோரும் என்னையும் பார்த்தார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. நீ பழி சுமந்தது அப்பாவுக்குப் பயந்த ஒருவனுக்காக அல்ல.

இன்று ஊர்வலம் தாண்டிப் போன பிறகு, சாத்திய ஜன்னலருகிலேயே நின்றுகொண்டு என் மனைவி சொன்னாள்.

“அன்னிக்கு கம்பவுண்டரு கரையில கையத் தூக்கிக்கினு நின்னாரே, எங்க வூட்டு மாடியிலேர்ந்து நான் பாத்தேன். நீங்க மாலைய சரி பண்ணிக்கினு இருந்தீங்க. பாத்திருந்தா நிறுத்தியிருப்பீங்க. அந்தப் பக்கம் பாக்காம பூட்டீங்களேன்னு எத்தினி வாட்டி நெனச்சிருக்கேன் தெரியுமா?”

இத்தனை வருஷமாக எனக்காக அவள் ஒரு சமாதானத்தை வைத்திருந்தாள். நீ ஒன்று வைத்திருந்ததைப் போலவே.

“பாத்தேன்” என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஆறிப்போன காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஜன்னலைத் திறக்கவில்லை. உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஒரு டம்ளருக்கு அவ்வளவு நேரம் ஆகாது.

இப்போதும் கடைத்தெருவில் போலீஸ்காரர் கை தூக்கினால் வண்டிகள் நிற்பதற்கு முன்பே நான் நின்றுவிடுகிறேன். பேரன் விளையாட்டுக்குக் கையைத் தூக்கினாலும் கால் தானாக நிற்கிறது. “தாத்தா பொம்மை ஆயிட்டாரு” என்று அவன் சிரிக்கிறான். அவன் கையைக் கீழே இறக்கும்வரை நான் நகர்வதில்லை. அன்று கரையில் தூக்கிய கையை நீ எப்போது இறக்கினாய் என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை. நான் குனிந்திருந்தேன். நிமிர்ந்தபோது கார் உன்னைத் தாண்டி வந்துவிட்டிருந்தது.