கண்ணனைக் கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டிவிட்டார்கள்

என் உயிருக்கு உயிரான அக்காவுக்கு,

மேலோகம் போனதும் மூட்டுவலி விட்டுப்போச்சா? நிம்மதியாக இருக்கட்டும் என்றுதான் இத்தனை நாள் எழுதவில்லை. இனியும் பொறுத்தால் அண்டசராசரமும் என்னைக் காறித் துப்பும்.

உன் மகன் செந்தில் கொண்டப்பநாயக்கன்பட்டியில் வீடு கட்டிக் குடிபோய்விட்டான். வீடா அது? உள்ளே ஒரு ஆளைத் தேடுவதென்றால் கட்டுச்சோறு கட்டிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். மல்லசமுத்திரத்தில் நீ இருந்த வீட்டிலிருந்து உன் தஞ்சாவூர்ப் படத்தையும் கொண்டுவந்துவிட்டான். தங்க ரேக்கும் கல்லுமாக, வெண்ணெய்ப் பானையைக் கட்டிக்கொண்டு கொழுகொழுவென்று உட்கார்ந்திருப்பானே, அந்தக் கண்ணன்.

மாட்டியிருப்பது பூஜை அறையில் இல்லை அக்கா. ஹாலில், சோபாவுக்கு மேலே.

"சோபா கலருக்கு எடுப்பா இருக்கும்னு இன்டீரியர்க்காரர் சொன்னாருங்க மாமா."

உயரமோ, பக்கத்திலிருக்கும் ஏற்காடு மலையே அண்ணாந்து பார்க்கும்.

நீ எங்கே மாட்டியிருந்தாய்? உன் நெஞ்சுக்கு நேரே. குள்ளச்சி நீ; வெள்ளிக்கிழமை குளித்துவிட்டு வந்து, கண்ணாடி மேல் கண்ணன் நெற்றிக்கு நேராகச் சந்தனம் வைத்துக் குங்குமம் வைக்க எட்ட வேண்டுமே. நாங்களெல்லாம் குனிந்துதான் கும்பிட்டோம். "சாமிகிட்டக் குனிஞ்சா முதுகு ஒடிஞ்சிருமாடா?" என்பாய்.

இப்போது கண்ணாடி பளபளக்கிறது. பொட்டு எங்கேடா என்றேன்.

"கறையா இருந்துச்சுங்க மாமா. லிக்விட் போட்டுத் தொடைச்சாச்சு."

கறை. உன் விரல் வைத்த பொட்டுக்குப் பெயர் கறையாம். நான் போட்ட சத்தத்தில் மூன்று லோகமும் நடுங்கி, ஃபேன் நின்றுபோனது. கரண்ட் போனதாக அவர்கள் சொல்லிக்கொள்கிறார்கள்.

"கும்பிட பூஜை ரூம்ல வேற படம் இருக்குதுங்க. இது ஆர்ட்டுங்க."

"ஏன் மாப்ள, உங்கம்மா இத்தனை வருசம் ஆர்ட்டுக்கா வெளக்கு வெச்சா?"

அழகில்லை என்றா சொல்கிறேன்? அந்த அழகில் மயங்கித்தானே நீயே வாங்கினாய். ஆனால் கும்பிடுகிற கை எட்டாத இடத்தில் அந்த அழகு யாருக்கு?

சந்தனத்தைக் குழைத்தேன். வேட்டியை மடித்துக் கட்டிச் சோபா மேல் ஏறினேன். இமயமலை ஏறினவனுக்குக்கூட இத்தனை மூச்சு வாங்கியிருக்காது. எக்கி வைத்ததில் பொட்டு நெற்றியை விட்டு மூக்கில் போய் உட்கார்ந்தது.

"மாமா, பாத்துங்க, சோபா..." என்றான் உன் மகன். மாமன் விழுந்தால் பரவாயில்லை போலிருக்கிறது.

இறங்கினேன். அவன் படத்தை அண்ணாந்து பார்த்தான்.

"அம்மா வெச்ச மாதிரி இல்லீங்க."

"ஆணியை எறக்குடா, சரியா வெக்கிறேன்."

"பாக்கலாமுங்க."

பார்க்கட்டும். அவன் பார்த்து முடிக்கிற வரைக்கும் வெள்ளிக்கிழமை தவறாமல் பஸ் ஏறிப் போவேன், சோபாவும் ஏறுவேன். சோபா கிழியட்டும், என் இடுப்பு ஒடியட்டும். உன் கண்ணனை வெறும் நெற்றியோடு விடமாட்டேன், இது உன் மேல் சத்தியம்.

உன்னால் குனியப் பழகிய முதுகோடு,
உன் தம்பி