சத்தம் போடாத புகார்கள்

14 ஜூலை 2009, செவ்வாய்

காலையிலிருந்து சாரல். ரோடு முழுக்கச் சகதி. சேலை ஓரம் போச்சு.

ஆபீசில் முதலாளி மகள் கயல். பெங்களூரிலிருந்து லீவில் வந்தவள், வந்த இடத்திலும் வேலை. புகார்களை வரிசைப்படுத்த ஒரு புரோகிராம் எழுதியிருக்கிறாளாம். மிஸ்டு கால் கொடுத்தால் தோட்டத்து மோட்டாரை ஓட்டும் பெட்டி, அதுதானே எங்கள் சரக்கு. வாங்கினவர்கள் போனில் சொல்வதை நான் அப்படியே கம்ப்யூட்டரில் அடித்து வைக்கிறேன். அதையும், போய்ப் பார்த்துவிட்டு மெக்கானிக் பாண்டி எழுதியதையும் ஜோடி ஜோடியாகப் புரோகிராமுக்குக் கொடுத்தாளாம். எது அவசரம் என்று அதுவே கற்றுக்கொள்ளுமாம்.

இவ்வளவு நாள் அது யார் வேலை? என்னுடையது. எரிச்சல்.

வாங்க: தேங்காய் எண்ணெய், குக்கர் கேஸ்கெட், ரீசார்ஜ் கார்டு.

15, புதன்

சாரல் விடவில்லை. புரோகிராம் போட்ட வரிசையைப் பார்த்துச் சிரிப்பு. ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டக்காரர் நேற்று போட்ட கூச்சல் ("ஆபீசுக்கே வந்து உக்காந்துக்கிருவேன், பாத்துக்கங்க!") கடைசியில். பொட்டிப்புரத்து அம்மா ஒருத்தர் பேசியது முதலில். அது புகாரே இல்லை. "பெட்டி நல்லாத்தான் ஓடுது தாயி. அவசரமில்ல. இந்தப் பக்கம் யாரும் வந்தா ஒரு எட்டு பாத்துட்டுப் போகச் சொல்லுங்க."

உன் மிஷினுக்குக் காது கேட்கவில்லை என்றேன் கயலிடம். "ஒருதரம் அது சொல்றதத்தான் கேட்டுப் பாப்போமேக்கா." நானா விடுவேன்? பாண்டியை ஓடைப்பட்டிக்கு அனுப்பினேன்.

சாயங்காலம் திரும்பினான். பெட்டியில் இருக்கும் சிம்முக்கு ரீசார்ஜ் பண்ணவில்லை. அதற்குத்தான் அத்தனை கூச்சல். கயல் எனக்கு ஒரு டீ கொண்டுவந்து வைத்தாள். குத்திக்காட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

16, வியாழன்

மழை. இன்றும் பொட்டிப்புரம்தான் முதலில். சரி, போய்த் தொலை என்று பாண்டியை அனுப்பினேன்.

மதியத்துக்கு முன்னேயே அவனிடமிருந்து போன். குரலே சரியில்லை.

"யக்கா, பெட்டி பூராம் கரண்டு. டெஸ்டர வச்சதும் எரியுது. மெயின ஆஃப் பண்ணிட்டேன்."

அந்த அம்மாவின் வீட்டுக்காரர் போன வாரம் பெட்டியைத் தொட்டுத் தூரப் போய் விழுந்திருக்கிறார். அதிலிருந்து, சிக்னல் இல்லாதபோது ரப்பர் செருப்பு மாட்டிக்கொண்டு காய்ந்த கம்பால் சுவிட்சைத் தள்ளுகிறார்களாம். இந்த ஈரத்தில்!

அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். ஏம்மா அன்னைக்கே சொல்லல?

"நல்லாப் பேசுற பிள்ள நீ. ஒங்க பெட்டி ஆளத் தூக்கி எறியுதுன்னு எடுத்ததும் எப்படித்தா சொல்ல? வந்தாகன்னா பாத்துக்கிருவாகன்னு இருந்தோம்."

எங்கள் வீட்டிலும் இதே கதைதான். பேச்சை ஆரம்பிக்கும்போது எல்லாரும் நல்லா இருப்போம். எதிராளி நாலு தரம் கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். நானும் இந்த ஊர்க்காரிதான். நான் கேட்கவில்லை.

கயல் சொன்னது: "அதுக்குக் கரண்டும் தெரியாது, கூச்சமும் தெரியாதுக்கா. இப்படித் தணிஞ்சு பேசுனவக தோட்டத்துலதான் பாண்டி அண்ணன் பெரிய கோளாறா எழுதியிருக்காக. அத மட்டுந்தான் பாத்துச்சு."

ஒன்றுமே தெரியாமல் ஒரு மனுஷனைக் காப்பாற்றியிருக்கிறது. எல்லாரும் சாப்பிடப் போன பிறகும் அந்தத் திரை முன்னால் உட்கார்ந்திருந்தேன். சாமி முன்னால் நிற்கிற மாதிரி இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை, சிரிப்பார்கள்.

17, வெள்ளி

ஒருவழியாக வெயில். துணி காய்ந்தது. கேஸ்கெட் இன்றும் மறந்தாச்சு.

புகார் இல்லை, வெறும் தகவல் என்று நான் மூடிவைத்த பழைய போன் பேச்சுகள் கம்ப்யூட்டரில் கிடக்கின்றன, பாண்டி எட்டிப் பார்க்காதவை. எல்லாவற்றையும் புரோகிராமுக்குக் கொடு என்றேன். கயல் தட்டினாள். டீ ஆறுவதற்குள், அவசரமாகப் போய்ப் பார்க்க வேண்டியவர்கள் வரிசை வந்துவிட்டது. திரையைத் தாண்டிக் கீழே போய்க்கொண்டே இருந்தது. அத்தனை பேரும் நல்லா இருப்பதாகச் சொன்னவர்கள். முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசிவரை படித்தார்.

"அம்புட்டுப் பேருக்கும் போனப் போடு. இன்னைக்கே."

முதலில் ராயப்பன்பட்டி. பெரியவர் ஒருத்தர் எடுத்தார். பெட்டி எப்படி இருக்குங்கய்யா?

"அதுக்கென்னத்தா, நல்லா இருக்கு."

"அய்யா, அதத் தொடாதீக. மெயின ஆஃப் பண்ணுங்க. பாண்டி கெளம்பிட்டான்."

பெரியவர் குரலைத் தாழ்த்தினார்:

"ஒனக்கு யாருத்தா சொன்னது?"