கட்டிப்பிடித்தபோது மைக்கில் விழுந்தது

ஜூலை 8, புதன். காலை 10.40. ஈப்போவில் கொளுத்துகிறது. ஒலிப்பதிவு அறையில் ஏர்கோன் ஒழுகுகிறது, அடியில் வாளி. எங்கள் மலேசியத் தமிழ்ப் படத்தில் ஒலி சரிசெய்ய வேண்டிய காட்சிகள்: ஆறு.

மதியத்துக்குள் ஐந்து முடிந்தது. மிச்சம் கடைசிக் காட்சி. கதாநாயகன் மன்னிப்புக் கேட்கிறான், அவனிடம் அடிவாங்கிய பங்களாதேஷ்காரர் அவனைக் கட்டிப்பிடிக்கிறார். வசனம் தெளிவு. அடியில் ஏதோ இடிக்கிறது. ஜெனரேட்டர் என்று நினைத்தேன். இல்லை. சட்டைக்குள் ஒட்டிய மைக், நெஞ்சோடு நசுங்கியிருக்கிறது. இதயத்துடிப்பு. பங்களாதேஷ்காரராக நடித்த ரஃபிக்குடையது. படுவேகம். மூச்சுச் சத்தமே இல்லை. ‘கட்’ கேட்ட பிறகுதான் மூச்சு விடுகிறார். கதாநாயகன் தினேஷின் மைக்கையும் கேட்டேன். நிதானமான துடிப்பு.

இயக்குநர் குணா அண்ணனுக்குப் போட்டுக் காட்டினேன்.

“என்னமோ டொக்கு டொக்குனு கேக்குதுலா. எடுத்துரு.”

“ஹார்ட்டுண்ணே. பயந்திருக்காரு.”

“பயமா? தம்பி, அது ஃபீலிங்! மேல வயலின் ஏத்து. தியேட்டரே அழுவும் பாரு.”

ஜூலை 9, வியாழன். மப்பு. மழை இல்லை.

படத்தை முதலிலிருந்து பார்த்தேன். வெறுப்பு வளரும் பாதி சரி. ரப்பர் தோட்டம் விற்பனை, தொழிலாளர் லயத்து வீடுகள் காலி, அப்பாவுக்கு வேலை போச்சு. மகன் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துப் பங்களாதேஷ்காரரைப் போட்டு மிதிக்கிறான். தோட்டத்தை விற்றவர் படத்தில் எங்குமே இல்லை. எங்கள் வீட்டிலும் அப்படி விற்றவர்களைப் பற்றிப் பேச்சு வராது. ‘பங்ளா’ என்று எகத்தாளமாகச் சொல்லும் பங்களாதேஷ்காரர்களைப் பற்றி மட்டும் வரும்.

இரண்டாம் பாதி: சிறை, தாடி, மழை, அணைப்பு. திருந்திவிட்டானாம். யார் சோதித்துப் பார்த்தது?

ரஃபிக்கின் துடிப்புக்குக் காரணம் தேடி, அடிக்கும் காட்சியின் ஒலியைத் திறந்தேன். மூன்றாவது டேக். கன்னத்தில் விழும் அறை நிஜம். நடிப்புக்கு அறைந்தால் சத்தமே வராது, நாங்கள்தான் பிறகு சேர்ப்போம். இதில் சேர்க்க எதுவும் இல்லை. பிறகு தினேஷ்: “எந்திரிடா பங்ளா.” வசனத்தில் இல்லாத வரி. யாரோ சிரிக்கிறார்கள். குணா அண்ணன்: “சூப்பர்! இதயே வச்சுக்கலாம்.”

படத்தில் இருப்பது அதுதான்.

ஏர்கோன் அதே தாளத்தில் இடிப்பது போல் இருந்தது. அணைத்தேன். அணைத்தும் கேட்டது. வியர்வையோடு உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 10, வெள்ளி. வெயில். ஈப்போ பக்கத்து ஊரான லகாட்டுக்குப் போனேன்.

ரஃபிக் அங்கே கார் கழுவும் கடையில். முன்பு தமிழ் முஸ்லிம் உணவகம் ஒன்றில் வேலை, தமிழ் அங்கே பிடித்தது. ஹெட்போனைக் கொடுத்தேன். சில நொடி. கழற்றிவிட்டார்.

“இது நானா?”

“ஆமா. அப்படியே படத்துல விடப் போறேன். எல்லாரும் கேக்கட்டும்.”

“எதுக்குண்ணே? நான் பயந்தத ஊரே கேக்கணுமா?”

இதை நான் யோசிக்கவே இல்லை. பெரிய நியாயவான் மாதிரி வண்டியை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

“அவன் நெசமாவே அடிச்சான்ல?”

“காது ரெண்டு நாளு ங்ஙொய்னு கத்துச்சு.”

“மன்னிச்சிட்டீங்களா?”

“படத்துல கேட்டாரு, மன்னிச்சேன்.” சிரித்தார். “வெளிய யாரும் கேக்கலயேண்ணே.”

வெள்ளைக் காரிலிருந்து ஒருவன், தமிழன், என் வயதுதான். “டேய் பங்ளா, டயர் யாரு உங்கப்பனா கழுவுவான்?”

“வாரேன் பாஸ்.”

ரஃபிக் ஓடினார். நான் வாயைத் திறக்கவில்லை. என் நெஞ்சு இடித்தது. அந்த வேகமேதான்.

ஜூலை 11, சனி. விடிகாலை மழை. தூக்கம் சரியில்லை. தலையணையில் காதை வைத்தால் டொக்கு டொக்கு. யாருடையது என்று தெரியவில்லை.

இனி:

1. துடிப்பை நீக்குவது. குணா அண்ணன் சொன்னதற்காக இல்லை, ஊரே கேக்கணுமா என்று ரஃபிக் கேட்டதற்காக.

2. வயலின் கிடையாது. மழை மட்டும் போதும்.

3. அந்த மூன்றாவது டேக்கைத் தூக்கச் சொல்லிக் குணா அண்ணனிடம் சண்டை. ஒத்துக்கொள்ளாவிட்டால் என் பெயரையும் தூக்கட்டும்.

4. தினேஷை நேரில் பிடிப்பது. நீ அடிச்சது நடிப்பு இல்ல, லகாட்டுக்குப் போ, தனியாப் போ, போன்ல வீடியோ எடுக்காத. கட்டிப்பிடிக்கக் கையை நீட்டாத. அவரு ‘முடியாது’ன்னு சொன்னா, சரின்னு சொல்லிட்டுத் திரும்பி வா.