பெரிய வண்டி, சின்ன வண்டி

மார்ச் 3

அவர் இன்று வந்தார். பன்னிரண்டு நாளில் ஐந்து நாடு, ஐந்து ஓட்டல். வந்ததும் பட்டப்பகலில் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்துவிட்டார். பள்ளியிலிருந்து ஓடிவந்த குட்டியை, "அப்பாவுக்கு இப்ப ராத்திரி, கண்ணு" என்று நாத்தனார் பிடித்து நிறுத்தினாள். ஆறு வயதில் குட்டிக்கு இதெல்லாம் பழகிவிட்டது. ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து போனாள்.

சாப்பிடும்போது நாத்தனார் சொன்னாள். வெளியூரில் ஒரு ஆய்வகத்தில் வேலை கிடைத்திருக்கிறதாம். மே முதல் வாரம் சேர வேண்டுமாம். நான்கு வருடமாகக் குட்டியையும் இந்த வீட்டையும் தாங்குபவள் அவள்தான். சந்தோஷம் என்று இருவரும் சொன்னோம். சொல்லிவிட்டு அவரவர் தட்டைப் பார்த்தோம்.

மார்ச் 5

எழுதினால் தெளியுமா, பார்ப்போம்.

எங்கள் விமானப்படையில் யாரும் விமானம் என்று சொல்வதில்லை, வண்டிதான். அவர் ஓட்டுவது பெரிய வண்டி. ஜெட். கண்டம் விட்டுக் கண்டம் சரக்கும் ஆட்களும் ஏற்றிப் போவது. இரண்டு வாரம் வெளியே, நான்கைந்து நாள் வீடு. அந்த நாட்களிலும் பெட்டி வாசலிலேயே இருக்கும், போன் அடித்தால் கிளம்ப வேண்டியதுதான். நான் சின்ன வண்டி. காற்றாடி எஞ்சின், மண் தரையிலும் இறங்கும். வருடத்தில் நான்கு மாதம் முன்களத்தில் கூடாரம், போர்வைக்குள்ளும் மணல். திரும்பி வந்தால் மீதி மாதங்கள் ஆபீஸ்காரி மாதிரி, அநேகமாக மாலையில் வீட்டில் இருப்பேன். எனக்கு அடுத்த முன்களம் செப்டம்பரில்.

அவர் தவணை முறையில் காணாமல் போகிறார், நான் மொத்தமாக. எது தேவலை என்று கேன்டீனில் இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொள்வார்கள். இரண்டும் ஒரே வீட்டில் இருந்தால் என்ன ஆகும் என்று யாரும் பேசிக் கேட்டதில்லை.

மார்ச் 9

எங்கள் கமாண்டர் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவரிடம் நாற்காலி கிடைத்தாலே ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம்.

வழி ஒன்றுதான் என்றார். நானும் பெரிய வண்டிக்கு மாறினால், இருவருக்கும் ஒரே அட்டவணைக்காரர். ஒருவர் வந்த பிறகே மற்றவரை அனுப்புவார். குட்டியிடம் எப்போதும் யாராவது ஒருவர் இருக்கலாம். ஆனால் அங்கே நான் புதுசு. வலது சீட்டில் துணை விமானியாக முதலிலிருந்து. மூன்று வருடம், நான்கும் ஆகலாம்.

எனக்கு இங்கே கேப்டன் சோதனை அடுத்த மாதம். ஒன்பது வருடம் காத்திருந்த இடது சீட்.

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன். யோசிக்க என்ன இருக்கிறது? மாட்டேன்.

மார்ச் 15

சண்டை. அவர் ஏன் சின்ன வண்டிக்கு வரக்கூடாது என்று கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார், அந்தப் பொறுமைதான் எனக்கு ஆகாது. அவரும் நான்கு மாதம் கூடாரத்துக்குப் போவார், நானும் போவேன், எந்த நான்கு மாதம் என்பது நம் கையில் இல்லை, அப்புறம் குட்டி? அதோடு, ஓய்வுக்குப் பிறகு பயணிகள் விமானத்தில் வேலை வேண்டுமென்றால் ஜெட் அனுபவத்தைத்தான் கேட்பார்களாம்.

"அப்போ உன் அனுபவம் அனுபவம், என்னோடது என்ன?" என்று கத்திவிட்டேன். 'நீங்க' போய் 'நீ' வந்தது இருவருக்கும் கேட்டது.

அவர் சொன்னது எல்லாம் சரி. ஒரு வார்த்தை தப்பாக இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் சண்டை போட்டிருப்பேன்.

மார்ச் 28

மாறு என்று அவர் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. கேட்டால் முடியாது என்று சொல்லலாம். கேட்காத மனுஷனிடம் என்னத்தைச் சொல்வது?

ஏப்ரல் 11

பாஸ்!

மலைக்கு நடுவே கைக்குட்டை மாதிரி ஒரு மண் பாதை. பக்கவாட்டுக் காற்று. சோதனையாளர் வழியெல்லாம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே வந்தார். இறங்கி நின்று புழுதி அடங்கியதும், "நான் இவ்வளவு அழகா இறக்கினதில்லை, வெளியே சொல்லிடாதீங்க" என்றார். இடது சீட்டில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு சந்தோஷமாக இருந்து வெகுகாலம் ஆயிற்று, அதை எழுதிவைக்க வெட்கப்பட வேண்டியதில்லை.

அவர் ஏதோ ஒரு ஊரிலிருந்து போன் செய்தார். நிஜமாகவே பெருமைப்பட்டார். அதுவும் எரிச்சலாக இருந்தது.

மே 4

நாத்தனார் கிளம்பிவிட்டாள். ஆட்டோவில் ஏறும்வரை குட்டி அழவில்லை. நான்தான் அழுதேன்.

மே 18

நேற்று நடந்ததை எழுத வேண்டும். எழுதாவிட்டால் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டிருப்போம்.

அவர் வெளியூரிலிருந்து செய்தி அனுப்பியிருந்தார்: 17ஆம் தேதி, 14 மணிக்கு இறங்குகிறேன். எனக்கு அன்று காலை திடீர்ப் பயணம் வந்தது. நிலச்சரிவில் அகப்பட்டவர்களுக்கு மருந்தும் கூடாரமும், அங்கேயே தங்கி மறுநாள் திரும்புவது. மதியம் இரண்டு மணிக்கு அவர் வந்துவிடுவார், பள்ளி விடுவது மூன்றரைக்கு, போதும். "நான் கிளம்புகிறேன், குட்டியைக் கூட்டிக்கொள்ளுங்கள்" என்று அனுப்பினேன். "சரி" என்று பதில் வந்தது. கிளம்பினேன்.

பெரிய வண்டிக்காரர்களுக்கு நாளும் நேரமும் உலகப் பொதுக் கடிகாரப்படி. ஒரே பயணத்தில் ஐந்து ஊர் நேரம் பார்த்தால் பைத்தியம் பிடிக்கும். நாங்கள் பக்கத்திலேயே சுற்றுகிறவர்கள், உள்ளூர் நேரம்தான். அவருடைய பதினான்கு மணி என்றால் நம் வீட்டில் இரவு ஏழரை. இது எனக்குத் தெரியாதா? பாடம் நடத்தும் அளவுக்குத் தெரியும். மருந்துப் பெட்டியை எண்ணிக்கொண்டே செய்தியைப் பார்த்தேன். அவர் ஓட்டல் அறையில் தூக்கக் கலக்கத்தில் 'சரி' போட்டார். வேறு எந்த வீட்டிலும் இப்படி ஒரு தப்பு நடக்காது.

மூன்றரைக்கு அவர் கடலுக்கு மேலே. நான் சிக்னல் இல்லாத மண் பாதையில். பள்ளியிலிருந்து இருவருக்கும் மாறி மாறி அடித்திருக்கிறார்கள். குட்டி பையை மாட்டியபடியே வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். இருட்டியதும் டீச்சர் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். அப்பாவும் அம்மாவும் விழுந்துட்டாங்களா என்று கேட்டாளாம்.

விழுந்துட்டாங்களா.

இதை டீச்சர் குறையாகச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். திட்டியிருக்கலாம்.

மே 20

யார் மேல் தப்பு என்ற பேச்சே வீட்டில் எழவில்லை. அது இன்னும் மோசம். அவர் பாத்திரம் தேய்க்கிறார், நான் துடைக்கிறேன். குட்டி தினமும் காலையில் பல் விளக்கும்போது கேட்கிறாள்: "இன்னிக்கு யாரு?"

மே 23

கமாண்டரிடம் சொல்லிவிட்டேன். பெரிய வண்டிக்கு மாறுகிறேன் என்று. அவசரமில்லை, ஒரு வாரம் பொறுங்கள் என்றார். ஒரு வாரம் பொறுத்தால் மாட்டேன் என்று சொல்லிவிடுவேன், இன்றைக்கே அனுப்புங்கள் என்றேன்.

வீட்டில் அவரிடம் சொன்னேன். "தேங்க்ஸ்" என்றார்.

"தேங்க்ஸ் சொல்லாதீங்க. உங்களுக்காக இல்ல. எனக்கு இது பிடிக்கல. பிடிக்கலன்னு தெரிஞ்சேதான் போறேன், அதை நீங்க மறக்கக் கூடாது."

"மறக்க மாட்டேன்" என்றார். பார்ப்போம்.

ஆகஸ்ட் 2

வகுப்பு, பரீட்சை, வகுப்பு. முப்பத்தாறு வயதில் முதல் பெஞ்ச். இந்த வண்டி தரையை உணரவே விடுவதில்லை, மெத்தையில் உட்கார்ந்த மாதிரி இறங்குகிறது. சின்ன வண்டிக்காரர்கள் செப்டம்பர் முன்களத்துக்குச் சாமான் கட்டுகிறார்கள். அந்தப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு கேன்டீனுக்குப் போகிறேன்.

அக்டோபர் 19

அட்டவணைக்காரர் வாக்குத் தவறவில்லை. அவர் வந்தால் நான் கிளம்புவேன், நான் வந்தால் அவர். குட்டி இப்போதெல்லாம் காலையில் கேட்பதில்லை, அவளுக்கே தெரிகிறது. ராத்திரி நன்றாகத் தூங்குகிறாள்.

நானும் அவரும் சேர்ந்து கடைசியாகச் சாப்பிட்டது எப்போது? நினைவில்லை. பேசுவதெல்லாம் கார் சாவி, இருமல் மருந்து, கேஸ் சிலிண்டர். சண்டை போடக்கூட ஆள் கிடைப்பதில்லை.

டிசம்பர் 6

இன்று மதியம் எனக்குப் பயணம், பதினோரு நாள். அவர் காலையிலேயே இறங்கியிருக்க வேண்டும். எதிர்க்காற்று, தாமதம். இதோ வந்துவிடுவார், ஏறுங்கள் என்றார் அட்டவணைக்காரர். எஞ்சின் ஓடத் தொடங்கியும் அவரைக் காணோம். குட்டி பள்ளியில் இருக்கிறாள். நான் வலது சீட்டில். இடது சீட்டில் ஒல்லி, பட்டப்பெயர்தான். பயிற்சிப் பள்ளியில் எனக்கு இரண்டு வருடம் இளையவன், இப்போது என் கேப்டன். அவர் இறங்காமல் நான் வரமாட்டேன் என்று அவனிடம் எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் வாக்கியம் கட்டிக்கொண்டே ஓடுபாதை முனை வரை வந்துவிட்டேன். வண்டி தயாரா என்று கட்டுப்பாட்டுக் கோபுரம் கேட்டது. பதில் சொல்ல வேண்டியது நான். வாய் வரவில்லை.

ஒல்லி என்னைத் திரும்பிப் பார்த்தான். அவனே ரேடியோவை எடுத்து, இன்னும் தயாரில்லை, கொஞ்சம் நிற்கிறோம் என்றான். பிறகு ரேடியோவை விட்டு, "மாமா இறங்கட்டும்க்கா, நமக்கென்ன அவசரம்" என்றான்.

அப்புறம் அவர் குரல் வந்தது. இறங்க அனுமதி கேட்கும் குரல், கரகரப்பாக, எல்லா விமானிகளும் பேசுகிற அதே நாலு வார்த்தை. ஒரு மாதத்தில் நான் கேட்ட அவர் குரலில் அதுதான் நீளம். பெரிய வண்டி எங்கள் முன்னால் தரையைத் தொட்டு ஓடியது. கண்ணாடியில் வெயில் பட்டு உள்ளே யாரும் தெரியவில்லை. கையை உயர்த்தினேன். அவரும் உயர்த்தினாரா, தெரியாது.

தயார் என்று சொன்னேன். கிளம்பினோம்.