என் அம்மாவின் பிழைகளைத் திருத்த வேண்டாம்

அனுப்புநர்:
ஏழாம் வகுப்பு மாணவி,
மூன்றாம் மாடி, நீண்டநாள் சிகிச்சைப் பிரிவில் ஜன்னலோரப் படுக்கையில் இருக்கும் ரொட்டிக்கடை அம்மாவின் மகள்.
(வீட்டு முகவரி எழுதாததற்கு மன்னிக்கவும். காரணம் கீழே உள்ளது.)

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
பொது மருத்துவமனை.

பொருள்: மூன்றாம் மாடி நோயாளிகள் வீட்டுக்குச் செய்தி அனுப்பும் கைபேசியிலும் கணினியிலும் எழுத்துப் பிழைகளைத் தானாகத் திருத்தும் வசதியை அணைத்து வைக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் அம்மா தங்கள் மருத்துவமனையில் சேர்ந்து இரண்டு பள்ளித் தேர்வுகள் முடிந்துவிட்டன. கழுத்தில் குழாய் வைத்திருப்பதால் அவரால் பேச முடியாது. என் வயதுப் பிள்ளைகளை மாடிக்கு விட மாட்டார்கள். வார்டில் படம் எடுக்கவும் கூடாது. இந்த விதிகளைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. மாலையில் செவிலியர் அக்கா ஒரு கைபேசியைப் படுக்கை படுக்கையாகக் கொண்டுபோய்க் கொடுப்பார் என்றும், அது கிடைக்காதவர்கள் மூலையில் உள்ள கணினியில் எழுதுவார்கள் என்றும் அப்பா சொன்னார். அதில் வரும் செய்திதான் எனக்கு அம்மா.

2. அம்மா எழுதும் விதத்தைத் தாங்கள் அறிய வேண்டும். அவர் ரொட்டிக்கடையின் பின்கட்டில் மாவு பிசைபவர். நாங்கள் எழும் முன்பே வேலைக்குப் போய்விடுவார். இரண்டு கையும் மாவாக இருக்கும் என்பதால் கைபேசியைப் பாலித்தீன் பையில் போட்டு, தராசின் மேல் சாய்த்து வைத்து, சுண்டுவிரலை மடக்கி அதன் முட்டியால் தட்டுவார். முட்டிக்குப் பெரிய எழுத்துகள் அகப்படும், புள்ளி அகப்படாது. அதனால் அம்மாவின் செய்திகளில் புள்ளியே இருக்காது. "எழுநதிடு கணணு பால அடுபபில" என்று வரும். பல் தேய்க்கும்போது அதைப் படிப்பேன். கண்ணு என்பது நான்தான்.

3. புள்ளிகள் எல்லாம் எங்கே போகின்றன என்று சின்ன வயதில் அப்பாவிடம் கேட்டேன். "எல்லாம் மாவுல விழுந்துடும். பன்னு மேல கறுப்பு எள்ளு இருக்கே, அது என்னன்னு நினைச்சே?" என்றார். நான் நம்பிவிட்டேன். அம்மா மாலையில் கொண்டுவரும் உடைந்த பன்களில் எள்ளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, எந்தச் சொல்லில் இருந்து விழுந்தது என்று யோசித்துத் தின்றிருக்கிறேன். கை கழுவிவிட்டு எழுதினால் என்ன என்று ஒருநாள் அம்மாவிடம் கேட்டதற்கு, "கை கழுவிட்டு எழுதுறதுக்குள்ள நான் வீட்டுக்கே வந்துடுவேன்டி" என்றார். விடுமுறை நாளில், கை சுத்தமாக இருக்கும்போதும், அவருக்கு முட்டிதான் முந்திக்கொண்டு வரும். ஓலைச்சுவடிகளில் புள்ளி வைக்காமலே எழுதினார்கள், படித்தவர்களுக்குப் புரிந்தது என்று தமிழாசிரியை சொன்ன அன்று வகுப்பில் நான் ஒருத்திதான் ஆச்சரியப்படவில்லை.

4. மருத்துவமனைக்கு வந்த பிறகும் முதலில் அப்படித்தான் எழுதினார். "இஙகே பன கலலு மாதிரி நம கடை பன வேணும" என்று வந்தபோது நானும் அப்பாவும் சிரித்தோம். அம்மா இல்லாமல் நாங்கள் சேர்ந்து சிரித்தது அன்றுதான். எனக்கு அந்த நாட்களும் வேண்டும் போல இருக்கிறது, அப்போது அவர் உடம்பு மோசமாக இருந்தும்கூட.

5. மழை தொடங்கிய வாரத்திலிருந்து செய்திகள் மாறிவிட்டன. எல்லாப் புள்ளிகளும் இருக்கின்றன. "கண்ணு, நன்றாகச் சாப்பிடு. அம்மா நலமாக இருக்கிறேன்" என்று வருகிறது. எங்களோடு தங்கியிருக்கும் பெரியம்மா அதைப் பார்த்துவிட்டு, "பாரேன், உங்கம்மா எவ்வளவு அழகா எழுதுறா. ஆஸ்பத்திரிக்குப் போனதுல இது ஒரு லாபம்" என்றார்.

6. தரைத்தளத்தில், வரவேற்பு மேசைக்கு மேல் ஒட்டியுள்ள தங்கள் அறிவிப்பைப் படித்தேன். செய்திகளைக் குடும்பத்தார் தவறாகப் புரிந்துகொள்வதால் இனி பிழைகள் தானாகத் திருத்தப்படும் என்று அதில் இருந்தது. மற்ற வீடுகளுக்கு அது நல்லதாக இருக்கலாம். பள்ளிக் கணினியில் நானும் சோதித்துப் பார்த்தேன். அம்மாவைப் போலவே முட்டியால் தட்டினேன். அது எல்லாவற்றையும் திருத்தி, யார் எழுதினாலும் வரும் மாதிரி ஆக்கிவிட்டது. ஆகவே இந்த அழகான செய்திகளை அம்மாவே எழுதியிருக்கலாம். வேறு யாராவது எழுதியும் இருக்கலாம்.

7. ஐயா, நான் பயப்படுவதற்குக் காரணம் உண்டு. என் சித்தப்பா இறந்தபோது எனக்குச் சொல்லவில்லை. வேலையாக வெளியூர் போயிருக்கிறார் என்றார்கள். என் பிறந்தநாளுக்கு அவர் அனுப்பியதாக ஒரு பேனாப் பெட்டிகூடக் கொடுத்தார்கள். நான் அவருக்கு நன்றி எழுதி அப்பாவிடம் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டார். எனக்கு வருத்தம் வரக்கூடாது என்றுதான் செய்தார்கள் என்பது இப்போது புரிகிறது. ஆனால் போன வாரம், "இது அம்மாதானாப்பா?" என்று கேட்டபோது, அப்பா செருப்பு அடுக்கைப் பார்த்தபடி, "அம்மாதான். வேற யாரு?" என்றார். சித்தப்பா எப்போது வருவார் என்று கேட்டபோதும் அவர் அந்தச் செருப்புகளைத்தான் பார்த்தார். அவர் பொய் சொல்கிறார் என்று நான் எழுதவில்லை. அவர் களைத்துப்போயும் இருக்கலாம். இந்த மனு அவர் கையில் கிடைத்தால் மனம் உடைந்துபோவார். அதனால்தான் முகவரி இல்லை. எல்லோரும் தூங்கிய பிறகு குளியலறை விளக்கில் எழுதுகிறேன், கையெழுத்து சரியாக இல்லை.

8. ஆகவே அந்தக் கைபேசியிலும் கணினியிலும் தானாகத் திருத்துவதை அணைத்துவிடும்படி மிகவும் பணிந்து கேட்கிறேன். எல்லோருக்கும் முடியாவிட்டால், ஜன்னலோரப் படுக்கைக்குக் கைபேசி வரும்போது மட்டுமாவது. தங்களுக்கு வேலைகள் அதிகம் என்பதால் வழியையும் எழுதுகிறேன். கைபேசியில் அமைப்புகள், அதில் மொழி, அதில் விசைப்பலகை, அதில் "தானாகத் திருத்து". பக்கத்தில் உள்ள நீலப் பொத்தானைத் தொட்டால் சாம்பல் நிறமாகும். எங்கள் பள்ளிக் கணினியிலும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது. புகார் செய்தவளின் அம்மா என்று அவருக்குக் கைபேசியே கொடுக்காமல் இருந்துவிட வேண்டாம்.

9. நான் வருத்தப்படுவேன் என்று யாரையும் பிழையோடு எழுதச் சொல்லவும் வேண்டாம். வேண்டுமென்றே பிழை செய்பவர்கள் அளவாகச் செய்வார்கள். அம்மா அப்படியில்லை. எனக்குத் தெரிந்துவிடும். அணைத்த பிறகும் செய்தி அழகாகவே வந்தால், நான் யாரிடமும் எதுவும் கேட்க மாட்டேன். பெரியம்மா முன்னால் அழவும் மாட்டேன்.

10. நாளை அப்பா துவைத்த துணிகளோடு மாடிக்குப் போகும்போது, பெரியம்மாவும் நானும் கீழே காத்திருப்போம். அப்போது இதைப் புகார்ப் பெட்டியில் போடுவேன். எனக்குப் பதில் கடிதம் அனுப்ப வேண்டாம். மாலையில் அப்பாவின் கைபேசி ஒலித்தால் முதலில் ஓடுவது நான்தான். ஒரு புள்ளிகூட இல்லாமல் ஒரு செய்தி வந்தால், அதையே தங்கள் பதிலாக எடுத்துக்கொள்கிறேன்.

நாள்: சனிக்கிழமை
இடம்: வீடு

தங்கள் தயவை எதிர்பார்க்கும்,
கணணு

(என் பெயரை அம்மா இப்படித்தான் எழுதுவார். திருத்த வேண்டாம்.)