ஒன்பதாவது பை

மார்ச் 4, செவ்வாய்

கண்ணாடிக் கடையில் இன்று ஒரு பெரியவருக்கு பிரேம் பொருத்தக் குனிந்தேன். காதோரம் சரிசெய்வதற்குள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். காலையில் இரண்டு தரம் குளித்தவள் நான். முதலாளி கூப்பிட்டு, "மாசக் கடைசி வரைக்கும் பாக்குறேம்மா. அப்பவும் இப்படியே இருந்தா, நீ பின்னறையில லென்ஸ் அரைக்கப் போயிடு" என்றார். பதினோரு வருஷமாக முகங்களோடு பழகியவள். சுவரோடு என்ன பேசுவது?

என் மேல் நாற்றம் வருகிறதா என்று அக்காவிடம் கேட்டேன். "எனக்கு ஒண்ணும் தெரியலயேடி" என்றாள். தட்டைப் பார்த்தபடிதான் சொன்னாள்.

மார்ச் 7

பச்சை மாத்திரை வாங்கியாயிற்று. இலையின் பச்சையத்திலிருந்து எடுத்ததாம், உள்ளிருந்தே நாற்றத்தை விரட்டுமாம். 'ஆராய்ச்சியில் நிரூபணமானது' என்று டப்பாவில் கொட்டை எழுத்து. எந்த ஆராய்ச்சி, யாரிடம் செய்தது?

தோல் டாக்டரிடம் காட்டினேன். அவர் தந்த களிம்பெல்லாம் முன்பே பூசித் தோற்றாயிற்று. "சின்னச் சின்ன ஆராய்ச்சிதாம்மா. அதுவும் ஒரு அபூர்வ நோய் இருக்கிற கொஞ்சப் பேர்கிட்ட. உங்களுக்கு அந்த நோய் இல்ல. இது கேக்குமான்னு யாராலயும் சொல்ல முடியாது."

யாராலும் முடியாதா? நானே பார்த்துவிடுகிறேன். இந்த வாரம் போட்ட நான்கு சட்டைகளைத் துவைக்காமல் தனித்தனிப் பையில் கட்டி வைத்தேன். நாளை முதல் மாத்திரை.

மார்ச் 15

மலம் பச்சையாகப் போகிறது. வேறு மாற்றம் தெரியவில்லை.

மார்ச் 19

பேருந்தில் பக்கத்தில் இருந்தவள் எழுந்துகொண்டாள். இறங்கப்போகிறாள் என்று நினைத்தேன். நான் இறங்கும்போதும் நின்றுகொண்டேதான் இருந்தாள்.

மார்ச் 29, சனி

அக்காவின் கண்ணைக் கட்டி உட்காரவைத்தேன். மாத்திரைக்கு முந்தைய சட்டைகள் நான்கு, இந்த வாரத்தவை நான்கு. ஒன்பதாவது பையில், அவளிடம் சொல்லாமல், தரை துடைக்கும் துணி.

முகர்ந்தாள். எட்டுக்கும் ஒரே பதில்: "ஒண்ணும் வரலடி." ஒன்பதாவதுக்கும், "இதுவும் சுத்தமா இருக்கு."

"அடிப்பாவி, அது தரை தொடைக்கிற துணி!"

கத்திவிட்டேன். இவளைக் கேட்டுத்தானே தினமும் வெளியே போனேன்? அப்போ இத்தனை வருஷமும் — ஐயோ, எத்தனை பேர் முகத்துக்குக் கிட்டப் போய் நின்னிருப்பேன்! அக்கா கண்கட்டை அவிழ்த்துவிட்டு அழுதாள். "சொன்னா நீ வாசலே தாண்ட மாட்டியேடி."

மார்ச் 30

மறுபடியும் பைகளை வைத்தேன். இந்த முறை உண்மையாகவே முகர்ந்தாள். முகம் சுளித்தாள். "எட்டும் ஒண்ணுதான்டி. எது பழசு, எது புதுசுன்னு பிரிக்க முடியல."

ஒரு உடம்பு, ஒரு மூக்கு, எட்டுச் சட்டை. இதுதான் என் ஆராய்ச்சி. டப்பாவைக் குப்பையில் போட்டேன். போச்சு, எல்லாம் போச்சு.

ஏப்ரல் 2

பின்னறை. நாற்பது லென்ஸ் அரைத்தேன். ஒரு முகம்கூடப் பார்க்கவில்லை.

மத்தியானம் அக்கா சாப்பாடு கொண்டுவந்தாள். வந்ததும் நேரே போய் ஜன்னலைத் திறந்தாள். என் எதிரில் அவள் இப்படிச் செய்ததே இல்லை. சுருக்கென்றது. பிறகு நாற்காலியை இழுத்து, என்னை ஒட்டிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.